பெயர்ப்பலகை இல்லாத கடையில் ஒரு பந்தய சைக்கிள்

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு காயலான் கடைக்கும் ஒரு மாவு மில்லுக்கும் நடுவில், பத்தடி அகலம்கூட இல்லாத சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. கடைக்காரரை அந்தத் தெருவில் எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படித்தான் அழைக்கிறேன். கடந்த மூன்று மாதங்களில் ஏழு முறை அந்தக் கடைக்குப் போயிருக்கிறேன். என் அக்காள் மகளுக்கு வாங்கிய பி.எம்.எக்ஸ். சைக்கிளை (மண் மேடுகளும் வளைவுகளும் உள்ள பாதையில் ஓட்டும் சிறிய சக்கர வண்டி), பந்தயப் பயிற்சிக்கு ஓரளவாவது பொருந்துகிற வண்டியாக மாற்றுவதே எல்லா முறையும் வேலை. அந்த வேலையை அவர் எப்படிச் செய்தார், எங்கே சறுக்கினார், எவ்வளவு வாங்கினார் என்பதைப் பதிவு செய்துவைத்தால், பிள்ளைகளுக்கு இந்த வகை சைக்கிள் வாங்க நினைக்கும் வடசென்னைப் பெற்றோருக்குப் பயன்படும் என்று கருதி இதை எழுதுகிறேன்.

அவளுக்கு வயது 13, எட்டாம் வகுப்பு. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் பி.எம்.எக்ஸ். இறுதிப் பந்தயத்தைத் தன் தந்தையின் கைபேசியில் பார்த்தாள். ஆஸ்திரேலியாவின் சாயா சகாகிபாரா 34 வினாடிகளில் வென்ற பந்தயம் அது. அந்த 34 வினாடிகளை அவள் எத்தனை முறை திரும்பத் திரும்பப் பார்த்திருப்பாள் என்று கணக்கிட்டால் ஒரு நாள் கழிந்துவிடும். பிறகு தனக்கும் ஒரு பி.எம்.எக்ஸ். வேண்டும் என்றாள், தாய்மாமன் என்ற முறையில் அந்தச் செலவு என் தலையில் விழுந்தது.

ஒரு பெரிய ஷோரூமில் 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். வண்டியின் சட்டத்தில் (ஃபிரேமில்) பெரிய எழுத்துகளில் பி.எம்.எக்ஸ். என்று அச்சிட்டிருந்தது. முன்சக்கரத்துக்கு இரண்டு, பின்சக்கரத்துக்கு இரண்டு என நான்கு இரும்புக் குழாய்கள் அச்சிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விற்பனையாளர் அவற்றையே வண்டியின் முதன்மைச் சிறப்பாக எடுத்துரைத்தார். இருபது அங்குலச் சக்கரம், மட்கார்டு, ஸ்டாண்டு, இரு பிரேக்குகள். "ரேஸுக்கும் இதுதான் சார்" என்று அவர் சொன்னதை நான் நம்பினேன். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெரும்பாலான கடைகளில் இதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

வாங்கிய ஆறாம் நாள் செயின் கழன்று, அவள் முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது பாய் கடை என்பதால் அங்கே தள்ளிக்கொண்டு போனோம். அவர் செயினைத் தொடவே இல்லை. வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார்: "பாப்பா, உனக்கு இது ரேஸுக்கா, ஸ்டண்டுக்கா?"

இந்தக் கேள்விக்காகவே அந்தக் கடையை நான் பரிந்துரைப்பேன். ஷோரூமில் இருபது நிமிடம் நின்றும் எவரும் கேட்காத கேள்வி அது. அச்சிலிருந்து நீட்டும் குழாய்கள் வித்தை காட்டுபவர்களுக்கானவை. படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பியிலும் சுவர் விளிம்பிலும் சறுக்குவதற்கு அவை உதவும். எட்டுப் பேர் தோளோடு தோள் உரசி வளைவில் திரும்பும் பந்தயத்தில் அப்படியொரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து ஓட்டுநரின் சக்கரக் கம்பிகள் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பாய் தம் இளமையில் ஆறு ஆண்டுகள் துபாயில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர். பந்தய வண்டிகளை அங்கேதான் கழற்றி மாட்டியிருக்கிறார். பந்தயத்தை நேரில் பார்த்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பந்தய வண்டி எவ்வளவு எளிமையானது என்பதை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. உலகத் தரப் பந்தய வண்டிக்கு ஒரே கியர், ஒரே பிரேக்; அந்தப் பிரேக்கும் பின்சக்கரத்துக்கு மட்டுமே. மட்கார்டு, ஸ்டாண்டு, மணி எதுவும் இல்லை. இருக்கை பெயரளவில் இருக்கிறது. பந்தயம் முழுவதும் ஓட்டுநர் நின்றுகொண்டேதான் மிதிக்கிறார். பெரியவர்கள் ஓட்டும் வண்டியின் எடை 8, 9 கிலோ அளவில்தான் இருக்கும். விலையோ லட்சத்தைத் தாண்டும். எங்கள் வண்டியைப் பக்கத்துக் காயலான் கடைத் தராசில் ஏற்றியபோது 16 கிலோ 400 கிராம் காட்டியது. பழைய இரும்பை நிறுத்துக்கொண்டிருந்தவர் "எடைக்குப் போடுறீங்களா?" என்று கேட்டதை என் மருமகள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

குழாய்கள், மட்கார்டு, ஸ்டாண்டு ஆகியவற்றைக் கழற்றி, பெடல்களைத் தாங்கும், ஒரே துண்டாக வளைத்துச் செய்த இரும்புக் கிராங்கை எடுத்துவிட்டு மூன்று துண்டு அலுமினியக் கிராங்கைப் பொருத்திய பின் எடை 14 கிலோ 200 கிராம் ஆனது. பந்தயத் தரத்துக்கு இன்னும் அது யானைதான். சட்டமே கனமான இரும்பு என்பதால் இதற்குக் கீழே இறங்காது என்று பாய் முதலிலேயே சொல்லிவிட்டார். புதுச் சட்டம் வாங்கச் சொல்லி என்னை நெருக்கவும் இல்லை.

செயின் ஓடும் பல்சக்கரங்களின் பல் கணக்கில்தான் அவருடைய தொழிலறிவை நான் முழுமையாகக் கண்டேன். நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன் என்பதால் இந்தப் பகுதி சற்று நீளும், பொறுத்துக்கொள்ள வேண்டும். ஷோரூமில் கொடுத்த வண்டியில் முன்னால் 36 பல், பின்னால் ஃப்ரீவீலில் (பின்சக்கரத்தின் பல்சக்கரத்தில்) 18 பல். பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரம் சரியாக இரண்டு முறை சுற்றும். அந்த டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.55 மீட்டர், ஆகவே ஒரு சுற்றுக்கு 3.1 மீட்டர். தெருவில் ஓட்ட இது போதும். பந்தயத்தில் வழக்கமாகப் பயன்படும் அளவு 44-க்கு 16. அதில் சக்கரம் 2.75 முறை சுற்றும், வண்டி 4.26 மீட்டர் போகும். இடையில் கியர் மாற்ற வழியில்லாததால், இந்த ஒரே விகிதம் புறப்படும்போது கால்கள் தாங்கும் அளவுக்கு இலகுவாகவும், வேகம் ஏறிய பின் கால்கள் காற்றில் சுழலாத அளவுக்குக் கனமாகவும் இருக்க வேண்டும். வீரர்கள் பாதைக்கேற்ப ஒரு பல்லைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் மருமகள் இந்த எண்களை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். 44-க்கு 16 தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாய் முன்னால் 44 பல் சக்கரத்தைப் பொருத்தினார். பின்னால் மட்டும் பழைய 18 பல் ஃப்ரீவீலையே விட்டுவைத்தார். அப்படிச் செய்தால் ஒரு சுற்றுக்கு 3.79 மீட்டர் கிடைக்கும். "16 இப்பவே போட்டா முட்டி போயிடும் பாப்பா. கால் ஏறட்டும், வா, பத்து நிமிஷத்துல மாத்தித் தர்றேன்" என்றார். அவள் முகம் வாடிப் போயிற்று. 16 பல் ஃப்ரீவீலை அன்றே விற்றிருந்தால் அவருக்கு லாபம். விற்காமல் அதைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டி, சாக்கட்டியால் அவள் பெயரை அதன்மேல் எழுதிவைத்தார். அது இப்போதும் அங்கேதான் தொங்குகிறது.

பிரேக் விஷயத்திலும் இதே நிதானம். பந்தய வண்டிக்கு முன்பிரேக் கிடையாது என்று அவளே வாதாடியபோது, வண்டி ரோட்டில் ஓடுகிற வரைக்கும் முன்பிரேக்கைக் கழற்ற மாட்டேன் என்று மறுத்துவிட்டார். கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் எண்ணூர் சாலைப் பக்கம் பிள்ளை வளர்க்கும் எவரும் அவரை ஆதரிப்பார்கள்.

சக்கரக் கோட்டம் எடுத்தது, கோன்களைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிப் புது பால்ரஸ் போட்டது, கைப்பிடியை உயர்த்தியது ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; வேலை சுத்தம். ஓவராயில் (வண்டியை முழுதாகப் பிரித்துச் சீர்செய்வது) உட்பட மொத்தம் 2,850 ரூபாய் வாங்கினார்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாளில் தருகிறேன் என்ற வேலைக்கு பதினோரு நாள் ஆயிற்று. பில் கிடையாது, செலவைச் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தருவார். இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இன்னொரு குறை பெரியது. இரண்டாவது வாரம் அவள் எழுந்து நின்று முழு பலத்தோடு முதல் மிதி மிதித்தபோது, பின்சக்கரம் தன் இடத்திலிருந்து முன்னோக்கி நழுவி, செயின் தளர்ந்து, டயர் சட்டத்தில் உரசியது. சாதாரண ஓட்டத்தில் வராத விசை அது. பந்தயப் புறப்பாட்டில் மட்டுமே வரும். பின் அச்சை இழுத்துப் பிடிக்கும் செயின் அட்ஜஸ்டர் இருபுறமும் போட்டிருந்தால் நழுவியிருக்காது. அதை முதலிலேயே போட்டிருக்க வேண்டும் என்பதை பாய் ஒப்புக்கொண்டு, காசு வாங்காமல் பொருத்தினார். அவள் வேகத்தில் இல்லாததால் விழவில்லை. ஒரு மேட்டின்மேல் ஏறும்போது நடந்திருந்தால் இந்த மதிப்புரையின் தொனி வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது வேலைக்கு வருகிறேன். வண்டியைவிட அதுவே எனக்கு வியப்பளித்தது. புறப்பாட்டுக் கதவு ஒன்றைச் செய்து தர முடியுமா என்று கேட்டோம். ஒலிம்பிக் பாதையில் எட்டு மீட்டர் உயர மேட்டின் உச்சியில் எட்டுப் பேரும் தரையில் கால் ஊன்றாமல், இரு கால்களையும் பெடலில் வைத்து, முன்சக்கரத்தை ஒரு கதவில் சாய்த்தபடி நிற்கிறார்கள். "ரைடர்ஸ் ரெடி, வாட்ச் த கேட்" என்று பதிவுசெய்த குரல் ஒலிக்கிறது. அதன் பின் 0.1 வினாடியிலிருந்து 2.7 வினாடி வரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மௌனம் நீடிக்கலாம். எவரும் எண்ணி ஏமாற்ற முடியாதபடி இயந்திரமே அதைத் தீர்மானிக்கிறது. பிறகு விளக்குகள் அடுத்தடுத்து எரிய, கதவு முன்னோக்கி விழுகிறது. முதல் மேட்டை எட்டும்போது முன்னால் இருப்பவருக்கே வளைவின் உட்பக்கம் கிடைக்கும் என்பதால், முப்பது வினாடிச் சொச்சம் நடக்கும் பந்தயத்தின் பாதி, முதல் இரண்டு மூன்று வினாடிகளிலேயே முடிந்துவிடுகிறது என்று சொல்லலாம். ஒரு வீரர் தம் வாழ்நாளில் வேறு எதையும்விட அதிகமாகப் பயில்வது இந்தப் புறப்பாட்டைத்தான்.

பாய் இதைக் கேட்டுக்கொண்டு, காயலான் கடையிலிருந்து இரும்புக் குழாய் பொறுக்கி, ஒரு பிளைவுட் பலகையைக் கீல் வைத்துப் பொருத்தி, கயிற்றை இழுத்தால் பலகை முன்னால் விழும்படி ஒரு கதவைச் செய்தார். கூலியும் பொருளும் சேர்த்து 900 ரூபாய். முதல் வடிவம் தோல்வி. பலகை மெதுவாகச் சாய்ந்ததால், அவள் அதைவிட வேகமாகப் புறப்பட்டு, பாதி சாய்ந்த பலகையின்மேல் சக்கரம் ஏறிக் கவிழ்ந்தாள். மறுநாள் பழைய ஸ்டாண்டு ஸ்பிரிங்குகள் இரண்டைப் பூட்டினார். இப்போது பலகை படாரென்று கீழே போய்விடுகிறது. அவளுடைய தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஆங்கில வாக்கியத்தை ராகம் போட்டுச் சொல்கிறான், பிறகு தன் இஷ்டப்படி இழுக்கிறான். அக்காள் மேல் கோபம் இருக்கும் நாளில் பத்து வினாடி ஆனாலும் இழுப்பதில்லை. சர்வதேச விதியின்படி இது செல்லாது.

எங்கள் பக்கம் பந்தயப் பாதை கிடையாது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிக் கொட்டிய மண் மேடுகளும், மாநகராட்சித் திடலின் ஒரு மூலையும்தான் பயிற்சிக் களம். ஆனாலும் இந்த விளையாட்டு தோன்றியதே இப்படித்தான். 1970-ஐ ஒட்டித் தெற்குக் கலிஃபோர்னியாவின் காலி மனைகளில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்த சிறுவர்கள் மிதிவண்டியில் அதை விளையாடிப் பார்த்தார்கள். அது ஒலிம்பிக்குக்குள் வந்தது 2008 பெய்ஜிங்கில்.

இவ்வளவு செலவும் எதற்கு என்று துறைமுகத்தில் வேலை செய்யும் என் அக்காள் கணவர் கேட்டார். "இதுல சோறு கிடைக்குமா?" என்பதே அவர் கேள்வி. நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல முயன்றேன். லாத்வியாவின் மாரிஸ் ஸ்ட்ராம்பெர்க்ஸ் 2008, 2012 இரண்டிலும் தங்கம் வென்றார். கொலம்பியாவின் மரியானா பஹோன் 2012, 2016 தங்கங்களோடு டோக்கியோவில் வெள்ளியும் வென்று தம் நாட்டில் பெரும் புகழ் பெற்றவர். அவர் சிறு வயதிலேயே பந்தயத்துக்கு வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இந்தியாவிலிருந்து இதுவரை எவரும் ஒலிம்பிக் பி.எம்.எக்ஸ். பந்தயத்தில் இறங்கியதில்லை.

அவரை யோசிக்கவைத்தது பிரிட்டனின் பெத்தனி ஷ்ரீவரின் கதை. 2016-க்குப் பிறகு அந்நாட்டின் விளையாட்டு நிதியமைப்பு பி.எம்.எக்ஸ். பெண்களுக்கான உதவியை நிறுத்திவிட, அவர் பள்ளியில் பகுதி நேர உதவி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டு, பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டித் தகுதிப் போட்டிகளுக்குப் போனார். டோக்கியோவில் பஹோனை முந்தித் தங்கம் வென்றார். அதே நாளில் வெள்ளி வென்ற பிரிட்டனின் கை வைட், லண்டனின் பெக்கம் பகுதி பி.எம்.எக்ஸ். மன்றத்தில் (கிளப்பில்) வளர்ந்தவர். பெக்கமைப் பற்றி லண்டனில் மற்றவர்கள் பேசும் தொனிக்கும் வடசென்னையைப் பற்றி அடையாறில் பேசும் தொனிக்கும் அதிக வேறுபாடு இருக்காது என்றே நினைக்கிறேன். குத்துச்சண்டையும் கால்பந்தும் கேரமும் நம் தெருக்களிலிருந்து எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது தெரிந்ததுதான். 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஆனால் கேரம் பலகையிலிருந்து விழுந்து எவருக்கும் மண்டை உடைவதில்லை. அந்த வேறுபாட்டை அக்காள் கணவரிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

2016-இல் தங்கம் வென்ற அமெரிக்கர் கானர் ஃபீல்ட்ஸ், டோக்கியோ அரையிறுதியில் விழுந்து மூளையில் இரத்தக்கசிவோடு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். என் மருமகள் கொண்டாடும் சாயாவின் அண்ணன் காய் சகாகிபாராவும் இதே விளையாட்டின் வீரர். 2020 பிப்ரவரியில் ஒரு உலகக் கோப்பைப் பந்தயத்தில் விழுந்து தலையில் பட்ட காயத்தோடு அவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது. அடுத்த ஆண்டு டோக்கியோ அரையிறுதியில் சாயாவும் விழுந்தார். பாரிஸ் தங்கம் அதற்கும் பிறகு வந்தது. அந்த வீடியோவை நூறு முறை பார்த்த பெண்ணுக்கு இதைச் சொன்னபோது, "தெரியும் மாமா" என்றாள். எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

பாய்க்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. ஆனால் கிராங்க் மாற்றிய அன்றே, முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், முழுக்கைச் சட்டை, கையுறை மூன்றும் இல்லாமல் கதவுப் பயிற்சிக்கு வண்டியைத் தரமாட்டேன் என்று அவர் நிபந்தனை வைத்தார். சர்வதேசப் பந்தயத்திலும் இவை கட்டாயம். ஹெல்மெட் அவர் கடையில் விற்பதில்லை. அவருக்கு அதில் ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. சைக்கிளுக்கு ஆன மராமத்துச் செலவைவிட ஹெல்மெட்டுக்கு அதிகம் கொடுத்தேன்.

சர்வதேச அளவில் 17, 18 வயதில் ஜூனியர் பிரிவு தொடங்குகிறது. அவளுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குள் இந்த வண்டி போதாமல் போகும். கனமான சட்டமும், அதிகக் காற்றழுத்தம் தாங்காத டயர்களும் ஒரு கட்டத்துக்கு மேல் அவளைப் பின்னுக்கு இழுக்கும். அப்போது பாய் கடை எங்களுக்கு உதவாது. அலுமினியச் சட்டத்தில் வெல்டிங் அவர் செய்வதில்லை, பந்தய டயர்களை வரவழைத்துத் தருவதும் இல்லை. ஏற்கெனவே நல்ல பந்தய வண்டி வைத்திருப்பவர்கள் அதற்கென்றே உள்ள கடைகளுக்குப் போவது நல்லது. ஷோரூமில் பி.எம்.எக்ஸ். என்ற எழுத்தைப் பார்த்து ஏமாந்தவர்களும், இனிமேல் வாங்கப்போகிறவர்களும் தயங்காமல் போகலாம். வாங்குவதற்கு முன் போய்க் கேட்டால் எந்த வண்டியைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் சொல்வார்.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கும், இரவு எட்டரை வரை இருக்கும். வெள்ளிக்கிழமை பகலில் தொழுகைக்காக மூடியிருக்கும். பணம் ரொக்கமாக எடுத்துப் போவது நல்லது. கைபேசிப் பணத்துக்கு மாவு மில்லில் ஒட்டியிருக்கும் அட்டையைத்தான் காட்டுவார். மூன்று நாள் என்று சொன்னால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். செயின் அட்ஜஸ்டர் போடச் சொல்லி முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளவும்.